சின்னப் பிள்ளைகளோடு கடற்கரை ரிசார்ட்: அறை எடுப்பதிலிருந்து வீடு திரும்பும் வரை

விளம்பரப் படங்களில் வரும் கடற்கரையெல்லாம் நடுப்பகல் கடற்கரை. நீலக் கடல், வெள்ளை மணல், உச்சியில் சூரியன். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வெளியே இறக்கவே கூடாத நேரமும் அதுதான். காலையில் ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை ஒரு துண்டு, மாலையில் நாலு மணியிலிருந்து இருட்டும் வரை இன்னொரு துண்டு. வெப்பமண்டலத்தில் குழந்தைக்கான கடற்கரை இவ்வளவுதான். நடுவில் வரும் ஆறேழு மணி நேரம் அறையிலும் நிழலிலும்தான் கழியும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் எந்த ரிசார்ட், எந்த அறை, பெட்டியில் என்ன என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை

அறை எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அறையிலிருந்து கடற்கரைக்கும், அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடந்தால் எத்தனை நிமிடம்? பெரிய ரிசார்ட்டுகளில் இது பத்துப் பன்னிரண்டு நிமிடம்கூட ஆகும். ஒரு நாளில் நாலு தடவை போய்வர வேண்டியிருக்கும், அதில் இரண்டு தடவை தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு. கடல் தெரியும் மூன்றாம் மாடி அறையைவிட, கடல் தெரியாவிட்டாலும் தரைத்தளத்தில் நிழலான திண்ணை உள்ள அறை எவ்வளவோ மேல்.

அடுத்தது, அறைக்குள் தடுப்பு. பிள்ளைகள் ஏழரைக்கே தூங்கிவிடுவார்கள். ஒற்றை அறை என்றால் அதன் பிறகு பெரியவர்கள் விளக்கை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். படுக்கையறை தனியாக உள்ள சூட் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் கண்ணாடிக் கதவு வழியாகக் கட்டில் தெரிகிற திண்ணை போதும்.

தண்ணீருக்கு மேலே கால் ஊன்றிக் கட்டிய வில்லாக்களும், அறைக் கதவைத் திறந்தாலே இறங்குகிற தனி நீச்சல் குளமும் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு ஆகாது. மரத்தளத்தின் ஓரத்தில் பல இடங்களில் கைப்பிடிச் சுவரே இருக்காது. ரிசார்ட்டுகள் பலவும் இந்த வில்லாக்களுக்குக் குறைந்தபட்ச வயது வைத்திருப்பது சும்மா அல்ல. ‘கவனமாகப் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லி வயதைத் தளர்த்தச் சொல்பவர்கள் உண்டு. இருபத்து நாலு மணி நேரமும் கவனமாக இருக்க எவராலும் முடியாது, விடுமுறையில் அறவே முடியாது.

கடலைப் பற்றியும் கேளுங்கள். பவளத் திட்டுக்கு உள்ளே அமைதியாகக் கிடக்கும் கடலா, நேராக அலை வந்து அறையும் கடலா? ஒரே தீவில் ஒரு பக்கம் குளம்போல் இருக்கும், மறுபக்கம் இறங்கவே முடியாது. பருவக்காற்று திரும்பினால் பக்கமும் மாறும். ஆகவே நீங்கள் போகும் மாதத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். வற்றுக் கடலில் பவளக் கல்லும் சேறும் வெளியே தெரிகிற கரையா என்பதையும் கேளுங்கள். காலையில் வற்றும் நாட்களில் உங்கள் நல்ல நேரமே போய்விடும். கரீபியன் பக்கம் என்றால் அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ரத்து விதிகளை அதற்கேற்பப் படியுங்கள்.

உயிர்காப்பாளர் கடற்கரையில் நிற்கிறாரா, குளத்தருகே மட்டுமா, எத்தனை மணி வரை? குழந்தைக் குளத்துக்கு மேலே கூரை உண்டா? ஒரு சாண் ஆழக் குளத்து நீர் வெயிலில் பதினொரு மணிக்கே வெதுவெதுப்பாகிவிடும், கூரை இல்லாவிட்டால் அது காலைக்கு மட்டும்தான் உதவும். கிட்ஸ் கிளப் எத்தனை வயதிலிருந்து? பெரும்பாலும் மூன்று அல்லது நாலு வயது, டயப்பர் விட்டிருக்க வேண்டும் என்பார்கள். அங்கிருந்து பிள்ளைகளைத் தண்ணீருக்கு அழைத்துப் போவார்களா, ஒரு பணியாளருக்கு எத்தனை பிள்ளை என்பதையும் கேட்டுவிடுங்கள். மருத்துவர் ரிசார்ட்டிலேயே இருக்கிறாரா, இல்லையென்றால் குழந்தை மருத்துவம் உள்ள மருத்துவமனைக்கு நடு இரவில் எவ்வளவு நேரம், எந்த வண்டியில், எந்தப் படகில்?

பயணத்தின் கடைசித் துண்டை மறந்துவிடுவார்கள். மாலத்தீவில் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். பிற்பகல் பிந்தி வந்து இறங்கினால் வழியில் ஓர் இரவு தங்க நேரும். விரைவுப் படகு என்றால் உங்கள் பிள்ளையின் எடைக்கு ஏற்ற லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, கார் என்றால் குழந்தை இருக்கை உண்டா என்று கேளுங்கள். எல்லாவற்றையும் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்குவதுதான் முறை. தொலைபேசியில் ‘எல்லாம் இருக்கு, நீங்க வாங்க’ என்று வரும் பதிலை நம்பிப் பெட்டி கட்ட முடியாது.

பெட்டியில்

உடைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முழுக்கை நீச்சல் சட்டை, முட்டி வரை வரும் கால்சட்டை, ஆளுக்கு இரண்டு செட். ஒன்று காயும்போது ஒன்று. துணிக்குப் புற ஊதாப் பாதுகாப்பு அளவு 50 என்று போட்டிருந்தால் நல்லது. நிறத்தில்தான் பலர் தவறுகிறார்கள். வெளிர் நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் போனதும் கண்ணுக்கே தெரியாது. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சும் அடர் ரோஸும்தான் குளத்திலும் கடலிலும் தெரியும். கழுத்து மறைகிற தொப்பி, தாடையில் கட்டும் நாடாவோடு. விரல் மூடிய நீர்ச்செருப்பு. சோளமாவு ஒரு சிறு டப்பா: ஈரம் ஒற்றியெடுத்த காலில் தூவித் தட்டினால் மணல் உதிர்ந்துவிடும்.

மருந்துப் பையில் இவை கட்டாயம் வேண்டும்:

- டிஜிட்டல் வெப்பமானி
- பாராசிட்டமால் சிரப், அளக்கும் சிரிஞ்சோடு. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்பது வழக்கமான அளவு. உங்கள் பிள்ளையின் இப்போதைய எடைக்கு எத்தனை மி.லி. என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிப் புட்டியிலேயே ஒட்டிவிடுங்கள்
- ஓஆர்எஸ் பொட்டலங்கள், குறைந்தது ஆறு
- முள் எடுக்கும் சாமணம், காயம் கழுவும் திரவம், பிளாஸ்டர்
- வேர்க்குருவுக்கும் பூச்சிக்கடிக்கும் பூசும் காலமைன்
- வழக்கமாக எடுக்கும் மருந்துகள், தங்கும் நாட்களைவிட நாலு நாளுக்குக் கூடுதலாக

தடுப்பூசிகளுக்கும் மலேரியா தடுப்பு மருந்துக்கும் நாலு முதல் ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் போனால் பல ஊசிகள் வேலை செய்ய நேரம் இராது.

அறைக்குள் முதல் கால் மணி

சாவி கையில் வந்ததும் ஒருவர் பிள்ளைகளோடு வெளியே நிற்கட்டும், மற்றவர் மட்டும் உள்ளே போகட்டும். போய் முழங்காலிட்டு, பிள்ளையின் கண் மட்டத்தில் அறையை ஒரு சுற்றுப் பாருங்கள். நின்று பார்க்கும்போது தெரியாத கண்ணாடி மேசையின் கூர்மூலை, தொங்கும் கெட்டில் வயர், திரைச்சீலையின் கயிற்று வளையம், கட்டிலுக்கடியில் முந்தைய விருந்தாளி விட்டுப்போன மாத்திரை, நாணயம் எல்லாம் அப்போதுதான் தெரியும். வயரைச் சுருட்டி மேலே வையுங்கள். கயிற்றை எட்டாத உயரத்தில் முடிச்சுப் போடுங்கள். சின்ன ஃபிரிட்ஜில் உள்ள மதுப் புட்டிகளையும் கொட்டைகளையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பால்கனி இருந்தால் கம்பிகளுக்கு நடுவில் விரல் மடக்கி மூடிய உங்கள் கையை நுழைத்துப் பாருங்கள். இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் இருந்தால் குழந்தையின் உடம்பு நுழையும். குறுக்குக் கம்பியாக இருந்தால் அதுவே ஏணி. நாற்காலி, மேசை எல்லாவற்றையும் உள்ளே இழுத்துவிடுங்கள், ஏனென்றால் பால்கனியிலிருந்து விழும் பிள்ளைகள் பெரும்பாலும் ஏதாவது ஒன்றின் மேல் ஏறித்தான் விழுகிறார்கள். சறுக்குக் கதவின் பூட்டு எட்டும் உயரத்தில் இருந்தால் அறையை மாற்றக் கேளுங்கள். மாற்று அறை இல்லை என்றால் கதவுக் கைப்பிடியில் ஒரு சிறு மணியைக் கட்டுங்கள். நீங்கள் குளித்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தால் அது காட்டிக்கொடுக்கும்.

குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்து ஒரு நிமிடம் ஓடவிட்டுக் கையால் பாருங்கள். சில இடங்களில் சூரிய வெப்பத் தொட்டியிலிருந்து பிற்பகலில் கொதிக்கக் கொதிக்க வரும். வாளியில் தண்ணீர் தேக்கி வைக்காதீர்கள். குளியலறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கட்டும்.

குழந்தைக் கட்டில் கேட்டிருந்தால் மெத்தையின் ஓரத்தில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் அது அந்தக் கட்டிலின் மெத்தை அல்ல, மாற்றச் சொல்லுங்கள். தலையணை, கனமான போர்வை, அலங்காரப் பொம்மை எதுவும் வேண்டாம். ஏசி காற்று நேரே விழாத இடத்தில் போட்டு 24 முதல் 26 டிகிரிக்குள் வையுங்கள். வெளியே கொதித்துவிட்டு வந்த பிள்ளையை 18 டிகிரிக்குள் கொண்டுபோய்ப் படுக்கவைப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

வெயில்

வெப்பமண்டலத்தில் தெளிந்த நாளின் நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது சாதாரணம். அந்த அளவுகோலில் அதற்கு மேல் படி இல்லை. கருவி எதுவும் வேண்டாம், பிள்ளையின் நிழலைப் பாருங்கள். நிழல் பிள்ளையின் உயரத்தைவிடக் குட்டையாகிவிட்டால் உள்ளே போக வேண்டிய நேரம். மேகமூட்டத்தை நம்பக் கூடாது, மெல்லிய மேகம் புற ஊதாக் கதிரை அதிகம் தடுப்பதில்லை. குடைக்கடியில் உட்கார்ந்தவர்களுக்கும் தோல் சிவப்பது ஏன் என்றால், காய்ந்த மணல் 15 சதவீதம், அலை நுரை 25 சதவீதம் என்று கதிரைத் திருப்பி அடிக்கின்றன. கதிர் கீழேயிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வருகிறது. ஆகவே துணிதான் முதல் பாதுகாப்பு, நிழல் அடுத்தது, களிம்பு மூன்றாவது.

அந்த மூன்றாவதைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு. எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத, ஏ, பி என்ற இரு வகைப் புற ஊதாக் கதிரையும் தடுக்கும், தண்ணீர் தாங்கும் சன்ஸ்கிரீன் வேண்டும். கடற்கரையில் வைத்துப் பூசாதீர்கள். மணலும் வியர்வையும் ஒட்டிய தோலில் அது பிடிக்காது, பிள்ளையும் நிற்காது. கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன்பு அறையில், உடை மாட்டும் முன்பே, காய்ந்த உடம்பில் பூசுங்கள். மூன்று வயதுப் பிள்ளையின் உடம்பு முழுவதற்கும் சுமார் இரண்டரைத் தேக்கரண்டி பிடிக்கும். முழுக்கைச் சட்டை போட்டால் அதில் பாதி போதும். காது மடலின் பின்புறம், பின்கழுத்து, தலை வகிடு, முழங்காலின் பின்பக்கம், பாதத்தின் மேல்புறம், குனியும்போது சட்டை மேலேறித் தெரியும் இடுப்பு ஆகியவைதான் எப்போதும் விட்டுப்போகும் இடங்கள். மாலையில் சிவந்திருப்பதும் அவைதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையும், தண்ணீரிலிருந்து ஏறித் துடைத்ததும் மறுபடி பூச வேண்டும். ஸ்பிரேயை முகத்துக்கு நேரே அடிக்காதீர்கள், பிள்ளை மூச்சோடு இழுத்துவிடும். உள்ளங்கையில் அடித்துத் தடவுங்கள்.

ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் வேண்டாம், நேர் வெயிலே வேண்டாம். தள்ளுவண்டியின் மேல் துணி போர்த்தி நிழல் செய்வது பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். உள்ளே காற்றோட்டம் நின்று வெக்கை ஏறிக்கொண்டே போகும். வேண்டாம்.

பவளத் திட்டுள்ள இடங்களில் களிம்பின் மூலப்பொருளையும் பார்க்க வேண்டும். பசிபிக் தீவு நாடான பலாவு 2020இலிருந்தும், ஹவாய் 2021இலிருந்தும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற வேதிப்பொருட்கள் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையைத் தடை செய்திருக்கின்றன. ஜிங்க் ஆக்ஸைடு உள்ளது எங்கும் செல்லும், பிள்ளைத் தோலுக்கும் எரிச்சல் குறைவு.

தாகம் என்று பிள்ளை கேட்கக் காத்திருக்காதீர்கள், விளையாட்டு மும்முரத்தில் கேட்காது. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நாலு மடக்கு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வெயில் காலத்திலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை, அடிக்கடி பால் கொடுத்தால் போதும். சோர்ந்து, தலைவலி என்று சொல்லி, தோல் பிசுபிசுப்பாக இருந்தால் நிழலுக்குக் கொண்டுபோய் ஈரத்துணியால் ஒற்றி விசிறுங்கள். உடம்பு கொதித்து, பேச்சுக் குழம்பினாலோ எழுப்பினால் எழாவிட்டாலோ அது வெப்பத்தாக்கு. உடம்பை நனைத்துக் குளிரச் செய்துகொண்டே மருத்துவ உதவியைக் கூப்பிட வேண்டும்.

தண்ணீர்

தண்ணீரில் மூழ்கும் பிள்ளை கத்தாது. கையைத் தூக்கி ஆட்டாது. வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழுமாகப் போய்வரும், தலை பின்னால் சாய்ந்திருக்கும், பார்ப்பவருக்கு விளையாடுவதுபோலவே இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நீச்சல் குளத்தைச் சுற்றிப் பத்துப் பெரியவர்கள் இருந்தால் ஆபத்து குறையாது, கூடும். ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்திருப்பார்கள்.

ஆகவே முறை வையுங்கள். பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருவர். அவர் கையில் போன் இருக்கக் கூடாது, புத்தகம் கூடாது, மது அறவே கூடாது. முறை மாறும்போது ‘இப்போ நீ பாரு’ என்று சொல்லி, ‘சரி, நான் பார்க்கிறேன்’ என்ற பதிலை வாய்விட்டு வாங்க வேண்டும். தலையாட்டல் செல்லாது. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் பார்ப்பது மட்டும் போதாது, கை நீட்டினால் தொடும் தூரத்தில் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். உயிர்காப்பாளர் இருக்கிறார் என்பது இதற்கு மாற்று அல்ல.

நீச்சலுக்கு இறங்கியிருக்கும்போது எல்லோரும் உஷாராகத்தான் இருப்பார்கள். குளித்து முடித்துத் துண்டு மடிக்கும் நேரமும், அறையில் பெட்டி கட்டும் நேரமும், சாப்பாட்டு மேசையில் பேச்சு சூடுபிடிக்கும் நேரமும்தான் பொல்லாதவை. பிள்ளை காணவில்லை என்றால் கட்டிலுக்கடியில் தேடாதீர்கள். முதலில் தண்ணீர், பிறகுதான் மற்ற இடம்.

ஊதிக் கையில் மாட்டும் வளையங்களும் இடுப்பு டியூப்களும் விளையாட்டுச் சாமான்கள். காற்று இறங்கும், கழன்றுவிடும், கடலில் காற்றடித்தால் பிள்ளையோடு நகர்ந்து போய்விடும். லைஃப் ஜாக்கெட்டுக்கு ஒரு சோதனை உண்டு. எல்லாக் கொக்கியையும் மாட்டிப் பிள்ளையின் இரண்டு கையையும் மேலே தூக்கச் சொல்லுங்கள். தோள் பட்டையைப் பிடித்து நேராக மேலே இழுங்கள். ஜாக்கெட் தாடையைத் தாண்டி காது வரை ஏறினால் அது பெரிது, தண்ணீரில் விழுந்ததும் தலைவழியே கழன்றுவிடும். சின்னப் பிள்ளைக்குத் தொடைகளுக்கு இடையே போகும் பட்டையும், தலையை நிமிர்த்தும் காலரும் உள்ளதாகப் பாருங்கள்.

குளத்தில் உறிஞ்சு துவாரத்தின் மூடி உடைந்திருந்தாலோ ஆடினாலோ இறங்காதீர்கள். உறிஞ்சும் விசை நீளமான முடியையும் கையையும் பிடித்துக்கொள்ளும். பெண் குழந்தைகளின் முடியை இறுக்கிக் கொண்டை போடுங்கள். வெந்நீர்த் தொட்டி ஐந்து வயதுக்குக் கீழே வேண்டாம். நீச்சல் டயப்பர் சிறுநீரைப் பிடிக்காது, மலத்தையும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். அரை மணி, முக்கால் மணிக்கு ஒரு தடவை, குளத்தோரத்தில் அல்ல, குளியலறையில் மாற்றுங்கள். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையை எக்காரணம் கொண்டும் குளத்தில் இறக்காதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குளோரின் கலந்த நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். ஒரு பிள்ளையிடமிருந்து ரிசார்ட் முழுக்கப் பரவ அது போதும்.

கடலில் இறங்குமுன் கொடியைப் பாருங்கள். பாதி சிவப்பு பாதி மஞ்சள் என்றால் உயிர்காப்பாளர் பார்க்கும் பகுதி, இரண்டு கொடிகளுக்கு நடுவில் இறங்கலாம். சிவப்பு ஆபத்து. இரட்டைச் சிவப்பு என்றால் கடல் மூடப்பட்டிருக்கிறது. ஊதா நிறம் ஜெல்லி மீன் போன்றவை வந்திருக்கின்றன என்பதற்கு. கொடி இல்லாத கரையில் பத்து நிமிடம் நின்று அலையைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் மட்டும் உடையாமல், கொஞ்சம் கறுத்து, அமைதியாக ஒரு சந்து தெரிந்தால் குழந்தையோடு இறங்க அதுவே நல்ல இடம் என்று தோன்றும். அதுதான் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். விநாடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல்கூட அது ஓடும். எந்த நீச்சல் வீரராலும் எதிர்த்து வர முடியாது. மாட்டிக்கொண்டால் பிள்ளையைப் பிடித்தபடி மிதந்து, கையைத் தூக்கி உதவி கேளுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாக நகர்ந்து நீரோட்டத்திலிருந்து விலகுங்கள்.

கணுக்கால் ஆழத்தில் அலை விளையாடும்போது பெரியவர் கடல் பக்கமாக நிற்க வேண்டும், பிள்ளை கரைப் பக்கம். திரும்பிப் போகும் தண்ணீர் காலடி மணலைப் பறித்துக்கொண்டு போகும். இரண்டு வயதுப் பிள்ளையைக் கீழே தள்ள அது போதும்.

மூச்சில்லாமல் தூக்கப்பட்ட பிள்ளையைத் தலைகீழாகப் பிடிப்பதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நேரத்தை வீணாக்கும், கெடுதலும் செய்யும். வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்துத்தான் தொடங்க வேண்டும், பிறகு 30 மார்பு அழுத்தம், 2 மூச்சு என்று தொடர வேண்டும். இதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. பயணத்துக்கு முன் அரை நாள் பயிற்சிக்குப் போய்வாருங்கள். தண்ணீரிலிருந்து மீட்ட பிள்ளை இருமிக்கொண்டே இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கினாலோ மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

மணலும் அதில் கிடப்பவையும்

குழி தோண்டுவது எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும். அங்கே விளையாடுவதில் மிகச் சின்னப் பிள்ளையின் முட்டி ஆழத்துக்கு மேல் தோண்டவிடாதீர்கள். ஈர மணல் சுவர் எச்சரிக்கையில்லாமல் சரியும். உள்ளே புதைந்தவரைத் தோண்டித் தோண்ட மறுபடி சரிந்து நிரம்பும். கிளம்பும்போது குழியை மூடிவிடுங்கள்.

நாய், பூனை திரியும் கரையில் காய்ந்த மணலில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் இருக்கும். தோலுக்குள் நுழைந்து, அரிப்போடு வளைந்து வளைந்து போகும் சிவந்த கோடாகத் தெரியும். நீர்மட்டம் ஏறி இறங்கும் ஈர மணலில் விளையாடவிட்டு, மேலே வரும்போது செருப்பு, உட்காரத் தடித்த விரிப்பு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பலாம்.

சங்கும் சோழியும் பொறுக்கட்டும், ஆனால் கூம்பு வடிவத்தில் அழகான கோலம் போட்டதுபோல் இருக்கும் நத்தை ஓட்டைத் தொடக் கூடாது என்று முன்பே சொல்லிவையுங்கள். உள்ளே உயிர் இருந்தால் அதன் கொடுக்கு விஷம் பெரியவரையே கொல்லும். கரையில் செத்துக் கிடக்கும் ஜெல்லி மீனும் கொட்டும். கொட்டினால் தேய்க்காதீர்கள், குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்டி ஜெல்லி எனும் பெட்டி வடிவ ஜெல்லி மீன் உள்ள கடல்களில் குறைந்தது 30 விநாடி வினிகர் ஊற்றிவிட்டு, ஒட்டியிருக்கும் இழைகளைச் சாமணத்தால் எடுக்க வேண்டும். நீலக் காற்றுப்பையோடு மிதந்து வரும் வகைக்கு வினிகர் பரிந்துரைக்கப்படுவதில்லை. கடல் நீரில் கழுவி, தாங்கும் சூட்டில் வெந்நீர். அந்தக் கரையில் எது வரும், வினிகர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்டுவைப்பது நல்லது. மூச்சு வாங்கினாலோ, கொட்டிய பரப்பு பெரிதாக இருந்தாலோ உடனே மருத்துவர். கல்மீன், கடல் முள்ளெலி குத்தினால் 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கினால் வலி தணியும். சூட்டை உங்கள் கையால் பார்த்த பிறகே பிள்ளையின் காலை வையுங்கள்.

காய்த்துத் தொங்கும் தென்னைக்கடியில் விரிப்புப் போடாதீர்கள். கரீபியன் கரைகளில் மாஞ்சினீல் என்ற மரம் உண்டு. காய் சின்ன ஆப்பிள் மாதிரி இருக்கும், கடித்தால் வாய் வெந்துவிடும். மழையில் அதன் கீழ் ஒதுங்கினால்கூடச் சொட்டும் பால் தோலைக் கொப்பளிக்கச் செய்யும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்து வைத்திருப்பார்கள்.

நிலம் பலமாக, இருபது விநாடிக்கு மேல் ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஓட வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தில் ஃபுக்கெட்டின் மாய் காவ் கரையில் கடல் நுரைத்து வந்த விதத்தைப் பார்த்துப் பெற்றோரை எச்சரித்தவர் 10 வயது பிரிட்டிஷ் சிறுமி டில்லி ஸ்மித். அதற்குச் சில வாரம் முன்புதான் பள்ளியில் சுனாமி பற்றிப் படித்திருந்தார். நாலு வயதுப் பிள்ளைக்கும் இதைச் சொல்லிவைக்கலாம்.

சாப்பாடும் வயிறும்

பஃபே திறந்த முதல் இருபது நிமிடத்தில் போங்கள். பிள்ளைகளுக்கும் அது பசிநேரம், சாப்பாடும் புதிது. ஆவி பறக்கும் பாத்திரத்திலிருந்தும், கண்ணெதிரே சமைத்துத் தரும் இடத்திலிருந்தும் எடுங்கள். வெளியே 32 டிகிரிக்கு மேல் இருந்தால் சமைத்ததை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்திருக்கக் கூடாது. மாலையில் பிள்ளை கேட்குமே என்று காலையில் எடுத்து அறையில் வைக்கும் சாண்ட்விச் இந்தக் கணக்கில் தேறாது. முழுப் பழத்தை எடுத்துவந்து நீங்களே நறுக்குங்கள். பெரிய பாறை மீன்கள், குறிப்பாக பாரகுடா எனும் சீலா, பிள்ளைகளுக்கு வேண்டாம். அவற்றில் சேரும் சிகுவடெரா நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, சுவையிலும் தெரியாது.

குழாய்த் தண்ணீர் குடிக்க ஆகாது என்றால் பல் துலக்கவும் ஆகாது. மூன்று வயதுப் பிள்ளை கொப்பளிப்பதில் பாதி உள்ளேதான் போகும். பால் மாவு கலக்க, கொதித்து இறக்கிய நீரை 70 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் சேர்த்துக் கலக்கி, பிறகு ஆறவைத்துக் கொடுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ் பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள், பாதி போடுவது கூடாது. கைவசம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. இரண்டு வயதுக்குக் கீழே ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஒவ்வொரு கரண்டியாகக் கொடுங்கள். அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழிந்திருக்கிறது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, மலத்தில் ரத்தம் என்றால் மருத்துவரிடம் கிளம்ப வேண்டியதுதான்.

கொசு

இங்கே ஒரு சங்கடம் உண்டு. வெயிலுக்குப் பயந்து நாம் எடுத்துக்கொண்ட காலையும் மாலையும்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதிகம் கடிக்கும் நேரம். ஆகவே முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்ததும் கொசு விரட்டி. இரண்டும் கலந்த ஒரே களிம்பு வாங்காதீர்கள், வெயில் களிம்பை அடிக்கடி பூச வேண்டும், விரட்டியை அப்படிப் பூசக் கூடாது. டீட் (DEET) என்ற கொசு விரட்டும் மருந்து கலந்தது இரண்டு மாத வயதுக்கு மேல்தான், 30 சதவீதத்துக்கு மிகாமல். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் வகை மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். உங்கள் கையில் எடுத்துப் பிள்ளைக்குத் தடவுங்கள். பிள்ளையின் கைவிரலில் மட்டும் வேண்டாம், அது வாய்க்குப் போகும். அறைக்குத் திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். திண்ணையில் பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் நின்றால் கவிழ்க்கச் சொல்லுங்கள். கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகுவதும் மறந்துபோகும் வேலைதான்.

தங்கும்போது காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வேண்டாம், டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவைக் கூட்டும். ஊருக்குத் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால் எங்கே போய்வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். மலேரியா உள்ள பகுதிக்குப் போயிருந்தால் ஓர் ஆண்டு வரை இதைச் சொல்ல வேண்டும்.